நிரலுக்கு மேலே நாலு வரி

2005இல் கொழும்பில் பி.எச்.பி. நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு கோப்பைத் திறந்தால் நிரல் உடனே தொடங்காது. முதலில் ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும் வரும். அதன் கீழே, ஒவ்வொன்றும் நட்சத்திரத்தோடு தொடங்கும் சில வரிகள். இந்தக் கோப்பு எதற்காக, பி.எச்.பி.யின் எந்தப் பதிப்புகளில் ஓடும், எந்தப் பொதியைச் சேர்ந்தது, எழுதியவர் யார், உரிமம் என்ன என்று அவை வரிசையாகச் சொல்லும். பல வரிகள் '@' குறியோடு தொடங்கும். பதிப்புரிமைக்கு நேரே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்றிருக்கும். திட்டத்தின் பெயர் சஹானா.

சேவையகம் இந்த வரிகளைத் தொடுவதே இல்லை, தாண்டிப் போய்விடும். இவற்றுக்கு இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். ஒருவர், நாளைக்கு இந்தக் கோப்பைத் திருத்த வரப்போகும் முகம் தெரியாத நிரலாளர். மற்றது ஒரு கருவி. அது நூற்றுக்கணக்கான கோப்புகளைப் புரட்டி, இந்த வரிகளை மட்டும் உருவியெடுத்து, எந்தச் செயற்கூறு எங்கே இருக்கிறது, அதற்கு என்ன கொடுக்க வேண்டும், அது என்ன தரும் என்று அகரவரிசைப்படுத்திய இணையப் பக்கங்களாக்கித் தரும். பி.எச்.பி. உலகத்தில் அந்த வேலையைச் செய்தது 2000ஆம் ஆண்டு ஜோசுவா ஐகோர்ன் தொடங்கிய பி.எச்.பி. டொக்குமெண்டர். குறிப்புகளை எந்த வடிவத்தில் எழுதினால் கருவிக்கு விளங்கும் என்ற ஒழுங்கையும் பெரும்பாலும் அதுவே நிலைநிறுத்தியது.

அந்த ஒழுங்கு ஜாவா என்ற நிரல்மொழியிடமிருந்து வந்தது. 1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவின் முதல் பதிப்பை வெளியிட்டபோது ஜாவாடொக் என்ற கருவியும் கூடவே வந்தது. நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் வைப்பது என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. அச்சுக்கோப்புக்கான டெக் மென்பொருளை எழுதிய டொனால்ட் க்னூத், 1984இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மனிதர் வாசிக்கும் கட்டுரையாகவே நிரலை எழுத வேண்டும் என்று வாதாடினார். தன்னுடைய டெக்கை அப்படியே எழுதிப் புத்தகமாகவும் போட்டார். க்னூத் கேட்டது நிறைய. உலகம் அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மேலே நாலு வரி, மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். 1997இல் டிமிட்ரி வான் ஹேஷ் எழுதிய டொக்ஸிஜன் அதே வசதியை சி++ எழுதுகிறவர்களுக்குக் கொடுத்தது.

கொழும்புக்கு இந்தப் பழக்கம் வந்த வழி ஒன்றல்ல.

இலங்கையில் கணினி நுழைந்தது 1960களின் பிற்பகுதியில், அரச பொறியியல் கூட்டுத்தாபனத்தின் வாசல் வழியாக. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணினிக் கல்விக்கு அத்திவாரம் போட்டார். 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ் தொடங்கிவைத்த மின்னஞ்சல் சேவை வளர்ந்து பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பாயிற்று. 1995இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மென்பொருள் ஆவணம் என்றால் தடித்த கோப்புறை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்த கம்பனிகளில் அது ஒப்பந்தப்படி ஒப்படைக்க வேண்டிய பொருட்களில் ஒன்று. ஒப்படைத்த பிறகு அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். நிரல் மாறும், கோப்புறை மாறாது.

ஜாவாடொக் பிறந்த அதே 1996இல்தான் பின்னாளில் வேர்ச்சுசா என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பனியும், இலண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கிய மிலேனியம் ஐ.டி.யும் தொடங்கின. ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த இளைஞர்களுக்குத் திடீரென்று கேள்வி கூடியது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1990இல், இன்ஃபொர்மெட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னோலஜி தொடங்கிவிட்டது. எல்லோரும் ஐ.ஐ.டி. என்று சொல்லும் அந்த நிறுவனத்தின் விலாசம் வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதி. வீதிக்குப் பெயர் கொடுத்த இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் பண்ணிசையும் சொற்பொழிவும் நடக்க, அதே வீதியில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு மாணவர்கள் ஜாவா படித்தார்கள். மொறட்டுவைக்குத் தெரிவான யாழ்ப்பாண, மட்டக்களப்பு மாணவர்களில் பலரும் வெள்ளவத்தையிலேயே அறை எடுத்தார்கள். காலையில் காலி வீதியில் 101 பிடித்தால் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கலாம். தமிழில் பேசக் கடை, சாப்பிட இடியப்பம், கூப்பிடு தூரத்தில் கோயில். கொழும்பின் மென்பொருள் வரலாற்றில் இந்த அறைகளுக்கும் ஓர் இடம் உண்டு.

மாணவர்கள் ஆவணத்தைக் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு நல்லதாக இல்லை. இறுதியாண்டு அறிக்கைக்கு வகுப்பு வரைபடம் வேண்டும். முதலில் வரைந்து பிறகு நிரல் எழுத வேண்டும் என்பது விரிவுரை. முதலில் நிரலை எழுதி, அதைக் கருவியிடம் கொடுத்து வரைபடத்தை உருவியெடுத்து, வீதியோரக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்துக் கட்டி ஒப்படைப்பது நடைமுறை. கருவி இந்த ஊருக்கு முதலில் அறிமுகமானது ஆவணம் எழுதாமல் தப்பிக்கும் வழியாகத்தான்.

அதை மாற்றியது திறந்த மூல வேலை. இந்தக் கதையில் சஞ்சீவ வீரவரனவைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் இருந்த அவர், 2001 மார்ச்சில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 ஆவணத்தின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். ஒரு வலைச்சேவை எந்த விலாசத்தில் இருக்கிறது, என்னென்ன வேலை செய்யும், ஒவ்வொரு வேலைக்கும் எந்த வகைத் தரவு உள்ளே போகும், எது வெளியே வரும் என்பதையெல்லாம் எக்ஸ்.எம்.எல்.லில் எழுதும் முறை அது. எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் இயந்திரமே. மனிதருக்காக எழுதிய கோப்புறையிலிருந்து இது வெகுதூரம். ஆனால் ஒரு விஷயத்தில் கோப்புறையை வென்றது: நிரல் மாறினால் விவரணமும் கூடவே மாறும்.

வீரவரன கொழும்புக்குத் திரும்பினார். 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் உருவானது. இலங்கையில் இருந்துகொண்டே உலகம் பாவிக்கும் திறந்த மூல மென்பொருளை எழுதலாம் என்று காட்டுவதே அதன் நோக்கம். அப்பாச்சி அறக்கட்டளையின் வலைச்சேவைத் திட்டங்களில் கொழும்பு இளைஞர்கள் குவிந்தார்கள். சந்தேஷ, கந்துல என்று அத்திட்டங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்களே எந்த நாட்டுக் கை என்று காட்டிக்கொடுக்கும். கந்துல துட்டகைமுனுவின் யானை. 2006இல் முதற்பதிப்பு கண்ட, வலைச்சேவைகளை ஓட்டும் மென்பொருளான அப்பாச்சி ஆக்சிஸ் 2இலும் அவர்களின் பங்கு பெரிது. அதில் ஒரு சேவையை நிறுவி, உலாவியில் அதன் விலாசத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற நான்கு எழுத்தும் சேர்த்தால் போதும், அந்தச் சேவையின் முழு விவரணம் திரையில் வந்து நிற்கும். யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல. ஜாவா நிரலைப் பார்த்துக் கருவி அந்தக் கணத்தில் கட்டியது. அதை இன்னொரு கருவியிடம் கொடுத்தால், சேவையை அழைக்கத் தேவையான நிரலையும் எழுதிக் கொடுத்துவிடும்.

அந்த நாட்களில் இதைப் பார்த்தவர்களுக்கு ஆவணப் பிரச்சினை தீர்ந்தே விட்டது என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. தீரவில்லை என்பதைக் காட்டியது சஹானா.

2004 டிசெம்பர் 26 காலை வந்த சுனாமி இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, காலி, அம்பாந்தோட்டை என்று கரையோரம் முழுவதும் முகாம்கள். யார் எந்த முகாமில், எந்த நிறுவனம் எதைக் கொண்டுபோகிறது, எங்கே தண்ணீர் இல்லை என்ற தகவல் கொழும்பில் ஒரே இடத்தில் இல்லை. சில நாட்களுக்குள் மென்பொருள் கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்து தன்னார்வலர்கள் கூடி, தூங்காமல் நிரல் எழுதத் தொடங்கினார்கள். ஜனாதிபதி செயலகத்தோடு இயங்கிய தேசிய செயற்பாட்டு மையத்தில் அதை ஓடவிட்டார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி ஆகியவை அதன் நான்கு தூண்கள். சிங்களத்தில் நிவாரணத்தைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று.

அவசரத்தில் எழுதிய நிரலை அடுத்த பேரிடருக்கு இன்னொரு நாடு எடுத்துப் பாவிக்க முடியாது. அதனால் சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமான சிடாவின் நிதியோடு, சமிந்திர டி சில்வா முன்னின்று நடத்த, 2005இல் அது அடியிலிருந்து மறுபடி எழுதப்பட்டது. பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும் தேர்வானதற்குக் காரணம் இருந்தது: எந்த நாட்டிலும் ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவிவிடலாம், திருத்தத் தெரிந்தவர்களும் எங்கும் கிடைப்பார்கள். தலைக்குறிப்பு வரிகள் கோப்புக்குக் கோப்பு வந்தது இந்த மறு எழுத்தில்தான்.

அமைப்பும் வெளியாரை மனதில் வைத்தே போடப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடைவு. எல்லாச் செயற்கூறுகளின் பெயரும் எஸ்.எச்.என். என்ற ஒரே முன்னொட்டோடு தொடங்கும். உலாவி விலாசத்தில் 'மொட்' என்ற இடத்தில் பகுதியின் பெயர், 'ஆக்ட்' என்ற இடத்தில் செய்ய வேண்டிய வேலை. ஒரு திரையில் பிழை வந்தால், விலாசத்தைப் பார்த்தே எந்த அடைவில் எந்தச் செயற்கூற்றைத் தேட வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். சீரான பெயரிடலும் ஆவணம்தான். கருவி அகரவரிசைப்படுத்தும்போது அந்தச் சீர்மை அப்படியே பக்கத்தில் தெரியும்.

அடுத்த பேரிடர் காத்திருக்கவில்லை. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் பூகம்பம், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் குயின்சாகொன் மண்சரிவு, அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பம். ஒவ்வொன்றிலும் கொழும்பில் எழுதிய நிரலை, அதை எழுதாத கைகளும் திருத்தின. 2007இல் பெருவுக்கும், நியூயோர்க் நகரத்தின் அவசரகால முகாமைத்துவ அலுவலகத்துக்கும் போனது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது, 2005இல் விக்கிப்பீடியாவுக்குப் போன பிறகு, 2006ஆம் ஆண்டுக்கு சஹானாவுக்குக் கிடைத்தது.

இனி அந்தக் காணாமற்போனோர் பதிவேட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவரைத் தேடும்போது பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் போதாது. அதனால் சஹானாவில் ஒலியொத்த தேடல் இருந்தது. பெயரின் ஒலியைச் சுருக்கி ஒரு குறியீடாக்கிச் சேமித்துவைத்து, குறியீடு ஒத்துப்போகிற பெயர்களை எடுத்துக் காட்டும் முறை அது. பி.எச்.பி.யோ சவுண்டெக்ஸ், மெட்டாஃபோன் ஆகிய இரண்டு ஒலிக்குறியீட்டு முறைகளைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டிருக்கும் மொழி. சவுண்டெக்ஸுக்கு அமெரிக்காவில் ரொபர்ட் ரசல் காப்புரிமை வாங்கியது 1918இல். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது.

சிவகுமார் என்ற பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் 'எஸ் ஐ' என்று தொடங்கி எழுதுவார், இன்னொருவர் 'எஸ் எச் ஐ' என்று எழுதுவார். சவுண்டெக்ஸ் 'எச்' எழுத்தை விட்டுவிடும் என்பதால் இரண்டுக்கும் ஒரே குறியீடு வரும். அம்மா ஒரு விதமாகவும் முகாம் அலுவலர் வேறு விதமாகவும் எழுதியிருந்தாலும் பிள்ளை கிடைப்பான். தர்மலிங்கத்தை எடுத்துக்கொண்டால் கதை வேறு. சிலர் 'டி எச்' என்று தொடங்குவார்கள், யாழ்ப்பாணத்தில் பலர் 'ரி எச்' என்று தொடங்குவார்கள். சவுண்டெக்ஸ் முதலெழுத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே இருவரும் வேறு வேறு ஆட்கள். மெட்டாஃபோனும் 'ரி எச்' இணைப்பைத் தனி ஒலியாக எடுப்பதால் அங்கேயும் சேர மாட்டார்கள்.

இப்போது ஆவணக் கருவி இந்தச் செயற்கூற்றைப் பற்றி என்ன சொல்லும்? பெயர் இது, உள்ளே போவது ஒரு சரம், வெளியே வருவது ஒரு சரம், கோப்பின் இத்தனையாவது வரியில் இருக்கிறது. எல்லாம் சரி. மருந்தின் பெயரும் அளவும் போத்தலில் இருக்கும், எந்த நோய்க்கு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது இருக்காது. கிழக்குக் கரையின் முகாம் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் எப்படியெல்லாம் எழுதப்பட்டன, எந்தப் பெயரில் இந்தத் தேடல் தவறும், தவறினால் வேறு எப்படித் தேடுவது என்பதெல்லாம் நிரலில் இல்லை. நிரலில் இல்லாததைக் கருவியால் உருவ முடியாது. அதை யாராவது ஒரு மனிதர், அந்த நாலு வரியோடு ஐந்தாவது வரியாக எழுதியிருக்க வேண்டும்.

பி.எச்.பி. டொக்குமெண்டருக்கே இந்தக் குறை தெரியும். குறிப்பே இல்லாத செயற்கூறுகள் எவை என்று தனிப் பட்டியல் தரும் வசதியும் அதில் உண்டு. கருவி தரும் பக்கங்களில் மிகவும் பயனுள்ள பக்கம் அதுதான் என்று வாதாடலாம். குறிப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிட, இல்லாத இடத்தைக் காட்டுவது ஒரு குழுவின் பழக்கத்தைச் சீக்கிரம் மாற்றும்.

2005 இன்னொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. மாணவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் சேர்க்கும் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் அந்த வருடம் தொடங்கியது. அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. கட்டுபெத்தையிலோ வெள்ளவத்தை அறையிலோ இருக்கும் மாணவருக்கு, பெர்லினிலோ பொஸ்டனிலோ இருப்பவர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும். நேரில் போய்க் கேட்க முடியாது, நேர வித்தியாசம் வேறு. அந்தக் கதவு கருவி கட்டிய ஆவணப் பக்கம். குறிப்பு நன்றாக இருந்த திட்டத்தில் மாணவர் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார். குறிப்பு இல்லாத திட்டத்தில் கோடையின் பாதி நிரலை விளங்கிக்கொள்வதிலேயே போயிற்று. ஆவணத்தைக் கடனே என்று எழுதிக் கட்டி ஒப்படைத்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, அதன் அருமையை வாசகராக இருந்து உணர்ந்தது.

அதே 2005இல் வீரவரனவும் கூட்டாளிகளும் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் கம்பனியைத் தொடங்கினார்கள். வலைச்சேவைகளின் காலம் மெல்ல மாறியது. எக்ஸ்.எம்.எல். கனமாகப்பட்டது, ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் எளிய ஏ.பி.ஐ. இடைமுகங்கள் பரவின. டபிள்யூ.எஸ்.டி.எல்.லின் இடத்தில் 2011இல் ஸ்வாகர் வந்தது. வேர்ட்னிக் என்ற அகராதித் தளத்தில் வேலை செய்த டோனி டாம், தன் தளத்தின் ஏ.பி.ஐ.யை விவரிக்கச் செய்தது அது. உலாவியிலேயே ஒவ்வொரு அழைப்பையும் விரித்துப் பார்த்து, அங்கேயே ஓட்டியும் பார்க்கலாம். 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்த அது, ஓபன்-ஏ.பி.ஐ. என்ற பொதுத் தரமாயிற்று. இன்று கொழும்பில் எந்த வங்கிக்கு, எந்த விநியோகச் செயலிக்கு வேலை செய்கிற குழுவைக் கேட்டாலும், "ஸ்வாகர் லிங்கை அனுப்புங்க" என்பதே பேச்சு. ஆவணம் என்றால் இப்போது அவர்கள் மனதில் வருவது அந்தப் பச்சை, நீலப் பெட்டிகள்.

2017இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 பலரீனா என்ற தன் சொந்த நிரல்மொழியை அறிவித்தது. முதற்பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. எக்ஸ்.எம்.எல். உலகில் பெயர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க்கும் அதன் வடிவமைப்பில் சேர்ந்தார். கொழும்பில் பிறந்து உலகம் பாவிக்கும் நிரல்மொழி என்பதே பெரிய செய்தி. இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது, ஆவணத்தை அது வைத்த இடம். ஜாவாவிலும் பி.எச்.பி.யிலும் ஆவண வரி என்பது ஒரு விதமான கொமென்ட், நிரலை இயந்திரத்துக்கு மாற்றும் மொழிபெயர்ப்பி அதைக் கண்டுகொள்ளாது. பலரீனாவில் சாதாரணக் கொமென்ட் இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும், ஆவண வரி '#' குறியில் தொடங்கும். இரண்டும் வேறு. ஆவண வரி மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செயற்கூற்றின் உள்ளீட்டை விவரிக்க '#', பிறகு '+', பிறகு உள்ளீட்டின் பெயர், ஒரு சிறுகோடு, விளக்கம் என்று எழுத வேண்டும்.

இதனால் என்ன பயன் என்றால், ஒருவர் ஆறு மாதம் கழித்து அந்த உள்ளீட்டை நீக்கிவிட்டு விளக்க வரியை நீக்க மறந்தால், அப்படி ஓர் உள்ளீடே இல்லை என்று மொழிபெயர்ப்பி எச்சரிக்கும். புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு விளக்கம் எழுதாமல் விட்டாலும் எச்சரிக்கும். 1990களின் கோப்புறைக்கு இருந்த பெரிய நோய், நிரல் ஒரு பக்கம் போக ஆவணம் இன்னொரு பக்கம் நின்றுவிடுவது. அந்த நோய்க்கு இது நேரடி வைத்தியம். ஓர் ஆணையில் முழு ஆவணமும் இணையப் பக்கங்களாகிவிடும். இன்னோர் ஆணையில் ஒரு சேவையின் நிரலிலிருந்து ஓபன்-ஏ.பி.ஐ. விவரணம் கிடைக்கும். மேலே சொன்ன ஐந்தாவது வரியை மட்டும் எந்த மொழிபெயர்ப்பியும் கட்டாயப்படுத்த முடியாது. உள்ளீட்டின் பெயரையே திருப்பிச் சொல்லி, 'பெயர் - பெயர்' என்று எழுதினாலும் எச்சரிக்கை நின்றுவிடும். அப்படி எழுதுகிறவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் கொழும்பில் ஒரு விஷயம். கொட்டாஞ்சேனை விவேகானந்தா கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம் போன்ற தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் இருந்து வருகிறவர்கள் செய்நிரல், பாய்ச்சற் கோட்டுப்படம், போலிக் குறிமுறை என்று தமிழில் படித்தவர்கள். வேலைக்குப் போன முதல் நாளே எல்லாம் ஆங்கிலமாகிவிடும். பக்கத்து மேசையில் இருப்பவர் சிங்களம், அடுத்தவர் தமிழ், வாடிக்கையாளர் வெளிநாடு. நிரலும் குறிப்பும் ஆங்கிலத்தில் இருப்பது நியாயமே. ஆனால் 'ஏன்' என்பதை இரண்டாம் மொழியில் விளக்குவது 'என்ன' என்பதைச் சொல்வதைவிடக் கடினம். 'என்ன' என்பதற்குப் பத்துச் சொல் போதும், அவற்றில் பாதி நிரலிலேயே இருக்கும். ஒரு முடிவின் காரணத்தை எழுத முழு வாக்கியங்கள் வேண்டும். ஆங்கில வாக்கியம் பிழைத்துப்போகுமோ என்று தயங்குகிற திறமைசாலி, அதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு நிரலை ஒப்படைப்பார். அந்தத் தயக்கம் சோம்பல் இல்லை. அணித் தலைவர்கள் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது நல்லது.

வாயால் சொன்னவர் நாளைக்கு இங்கே இருப்பாரா என்பது அடுத்த கேள்வி. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இது புதிதில்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்னிலோ உறவு இல்லாத வீடு அங்கே அரிது. 2022 பொருளாதார நெருக்கடியில், கடவுச்சீட்டு வரிசையில் நின்றவர்களில் மென்பொருள் எழுதுகிறவர்களும் நிறைய. விலகல் கடிதத்துக்கும் விமானத்துக்கும் இடையிலான வாரங்களில் ஒப்படைப்புக் கூட்டம் நடக்கும். போகிறவர் திரையைப் பகிர்ந்துகொண்டு, "இந்த இடத்தில் கொஞ்சம் கவனம்" என்பார். ஏன் கவனம் என்று கேட்கும் அளவுக்குப் புதியவருக்கு அந்த நிரல் இன்னும் பழக்கமாகியிருக்காது. அவருக்கு அந்தக் கேள்வி எழும் நாளில் மற்றவர் வேறொரு நேர வலயத்தில், வேறொரு கம்பனியில் இருப்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தது இந்த நேரத்தில்தான். 2021இல் கிட்ஹப் கோபைலட் அறிமுகமானது. இப்போது ஒரு செயற்கூற்றைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், மேலே வைக்க வேண்டிய நாலு வரியையும் கருவியே நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தரும். முந்திய கருவிகள் மனிதர் எழுதியதைச் சேகரித்தன, இது தானே எழுதுகிறது. ஆங்கிலத்துக்குத் தயங்குகிறவருக்கு இது உண்மையான உதவி, குறைத்து மதிப்பிட முடியாது. தன் காரணத்தைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலக் குறிப்பாக்கித் தரும். காரணத்தைச் சொல்லாமல் நிரலை மட்டும் கொடுத்தால், ஒலிக்குறியீட்டுச் செயற்கூற்றின் தலையில், இது ஒரு பெயரை வாங்கி அதன் ஒலிக்குறியீட்டைத் திருப்பித் தரும் என்று அழகாக எழுதிவைக்கும். 2005இல் பி.எச்.பி. டொக்குமெண்டர் சொல்லக்கூடியதற்கு மேல் அதில் அதிகம் இருக்காது.

காரணத்தையே எழுதிவைக்க நிரலாளர்களிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்தது. ஒவ்வொரு முக்கியமான முடிவுக்கும் ஒரு சிறு கோப்பு: அன்றைய நிலைமை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் வரப்போகும் நன்மை தீமை என்ன. ஒன்றிரண்டு பக்கம்தான். நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், இலக்கமிட்டு வைக்க வேண்டும். முடிவு பிறகு மாறினாலும் பழைய கோப்பை அழிக்கக் கூடாது. இன்ன இலக்கம் இதை மாற்றியது என்று குறித்துவிட்டு விட்டுவைக்க வேண்டும். எந்தக் கருவியும் இதை நிரலிலிருந்து உருவித் தராது, கருவிக்குத் தீனி போடுவதே இது.

காணாமற்போனோர் பதிவேட்டுக்கு இன்று அப்படி ஒரு கோப்பு எழுதுவதானால், அதில் வர வேண்டியவை: 'டி எச்' தர்மலிங்கமும் 'ரி எச்' தர்மலிங்கமும் ஒரே பெயர் என்பது, தமிழரின் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தகப்பனுடையது, அதைக் குடும்பப் பெயராக எடுத்துத் தேடக்கூடாது என்பது, பெண்ணின் பெயருக்குப் பின்னால் சில முகாம்களில் கணவன் பெயரும் சிலவற்றில் தகப்பன் பெயரும் எழுதப்படலாம் என்பது, ஒலித்தேடல் தவறினால் கிராம சேவகர் பிரிவையும் வயதையும் வைத்துத் தேடும் திரைக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்பது. கிழக்கு மாகாணத்தில் ஒரு நாள் முகாம் பதிவு எழுதிய எவருக்கும் இவை தெரியும்.